பன்னிரண்டு முதியோர், ஓர் இரவுப் பணியாளர்

சென்னையின் தென்புறநகர்களிலும் கோயம்புத்தூரைச் சுற்றிலும், வாடகைக்கு எடுத்த தனி வீடுகளில் பத்துப் பன்னிரண்டு முதியவர்களை வைத்துப் பராமரிக்கும் சிறிய இல்லங்கள் அண்மைக் காலத்தில் பெருகிவருகின்றன. வாசற்படியை மறைத்துப் போட்ட சாய்தளம், கூடத்துச் சுவர் நெடுகக் கைப்பிடிக் கம்பி, பின்கட்டில் எந்நேரமும் காய்ந்துகொண்டிருக்கும் படுக்கை விரிப்புகள் ஆகியவற்றைக் கொண்டே தெருக்காரர்கள் அந்த வீட்டை அடையாளம் காண்கிறார்கள். நடத்துபவர்கள் பலகையில் ‘அசிஸ்டட் லிவிங்’ என்றோ ‘சீனியர் கேர்’ என்றோ எழுதுகிறார்கள். ‘முதியோர் இல்லம்’ என்று எழுதினால் பிள்ளைகளால் கைவிடப்பட்டவர்கள் இருக்கும் இடம் என்ற பொருள் தானாக வந்து ஒட்டிக்கொள்வதால் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள். இந்தத் தயக்கத்தைப் போலி நாகரிகம் என்று தள்ளிவிட முடியாது, ஏனெனில் இரண்டும் உண்மையிலேயே வெவ்வேறு தேவைகளுக்காகத் தோன்றியவை.

ராயபுரத்தின் மணியக்காரர் சத்திரம் 1782இல், பஞ்சத்தில் சோறில்லாமல் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் இடமாகத் தொடங்கிப் பின்னாளில் முதியோர் இல்லமாக நிலைபெற்றது. 1978இல் சாவித்திரி வைத்தி சென்னையில் தொடங்கிய ‘விஸ்ராந்தி’, போக்கிடமற்ற வயதான பெண்களுக்கானது. உணவும் கூரையும் இல்லாதவருக்கு அவற்றைக் கொடுப்பதே இவற்றின் அடிப்படை. இன்றைய சிறிய பராமரிப்பு இல்லத்திற்கு வருபவரிடமோ ஓய்வூதியம் இருக்கலாம், சொந்த வீடும் இருக்கலாம், வாரந்தோறும் தொலைபேசியில் அழைக்கும் மகனும் மகளும் இருக்கலாம். அவரால் முடியாமற்போனது தனியாகக் குளிப்பதும், இரவில் விழாமல் கழிவறைக்குச் சென்று திரும்புவதும்தான்.

இத்தகையோர் எண்ணிக்கை ஏன் கூடுகிறது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே விடை சொல்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் அது 13.8 கோடி அளவுக்கு உயர்ந்தது. அதே மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் முதியோர். கேரளம் 16.5 விழுக்காட்டுடன் முதலிடத்தில் இருக்க, தமிழ்நாடு அதற்கு அடுத்து நிற்கிறது. குடும்பத்தில் பிள்ளைகள் இருவர் அல்லது ஒருவர், அவர்களும் வேலை நிமித்தம் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள், ஊரில் இருக்கும் மருமகளும் வேலைக்குப் போகிறவர் என்ற நிலையில், முன்பு வீட்டுப் பெண்களின் கூலியில்லா உழைப்பாக நடந்த பராமரிப்பு இப்போது விலை கொடுத்துப் பெற வேண்டிய சேவையாகியிருக்கிறது. அந்த உழைப்பு எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதை வீட்டில் யாரும் கணக்கிட்டதில்லை. அதனால்தான் இல்லத்தின் கட்டணத்தைக் கேட்டதும் பலர் திகைக்கிறார்கள்.

உதவி என்று எதைச் சொல்கிறோம் என்பதற்கு மருத்துவ உலகில் ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மருத்துவர் சிட்னி காட்ஸ், இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை நெடுங்காலம் கவனித்து, 1963இல் ஆறு அன்றாடச் செயல்களை வரையறுத்தார்: குளித்தல், உடை மாற்றுதல், கழிவறையைப் பயன்படுத்துதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீரையும் மலத்தையும் அடக்குதல், உண்ணுதல். பெரும்பாலும் குளிக்கும் திறன் முதலில் கைவிட்டுப் போகிறது, கையால் எடுத்து உண்ணும் திறன் கடைசிவரை நிற்கிறது. சமைத்தல், பணத்தைக் கையாளுதல், மருந்தைத் தாமே எடுத்துக்கொள்ளுதல் போன்ற இன்னும் நுட்பமான செயல்களின் பட்டியல் 1969இல் வந்தது. ஓர் இல்லம் நன்றாக நடத்தப்படுகிறதா என்பதைச் சேர்க்கைப் படிவத்திலேயே ஓரளவு கணிக்கலாம். நோய்களின் பெயரை மட்டும் கேட்கும் படிவத்தைவிட, “குளிக்கும்போது முதுகு தேய்க்க மட்டும் ஆள் வேண்டுமா, தண்ணீர் ஊற்றவும் வேண்டுமா?” என்று கேட்கும் படிவம் நம்பத்தக்கது.

உதவி தேவைப்படுபவரை நோயாளி ஆக்காமல் வாழவிட வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தி, 1983இல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் கெரன் பிரவுன் வில்சன் ஒரு குடியிருப்பைத் திறந்தார். உள்ளிருந்து பூட்டிக்கொள்ளக்கூடிய கதவு அங்கிருந்தவர்களின் உரிமையாகக் கருதப்பட்டது. 2003இல் மிசிசிப்பி மாநிலத்தின் டூபலோவில் மருத்துவர் பில் தாமஸ், பெரிய விடுதியைத் தவிர்த்து, ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் அளவிலான சிறு வீடுகளை முன்வைத்தார். நம் ஊரின் சிறிய இல்லங்கள் இந்தச் சிந்தனைகளைப் படித்துவிட்டுத் தொடங்கப்பட்டவை அல்ல. பெரிய கட்டடம் கட்டப் பணமில்லாததால் சிறியவையாக இருக்கின்றன. ஆயினும் சிறியதாக இருப்பதன் நன்மை அவற்றிற்கும் கிட்டுகிறது. அந்த நன்மை எங்கே முடிகிறது என்பதைப் பார்க்க ஒரு நாளின் நடப்பைத் தொடர்ந்து செல்ல வேண்டும்.

இல்லத்தின் பகல் விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்து, குறைந்தது அரைமணி நேரம் கழித்தே காபி தர வேண்டும். ஆனால் ஐந்தரை மணிக்குக் காபி வராவிட்டால் அன்றைய பொழுதே கெட்டுவிடும் என்று நினைப்பவர்தான் பெரும்பாலும் அந்த மாத்திரைக்கும் உரியவராக இருப்பார். எலும்புத் தேய்மானத்திற்கு வாரம் ஒருமுறை மாத்திரை எடுப்பவர், அதை விழுங்கியபின் அரைமணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நடுக்குவாத (பார்க்கின்சன்) நோய் உள்ளவருக்கு மருந்து சொன்ன நேரத்திற்குக் கொடுக்கப்படாவிட்டால் அவருடைய கைகால்கள் இறுகிப்போய், குளிப்பாட்ட ஒருவர் போதும் என்ற நிலை மாறி இருவர் தேவைப்படுவர். நீர் பிரியும் மாத்திரையை மாலையில் கொடுத்தால் இரவெல்லாம் கழிவறைக்கு எழுந்து நடப்பார், இருட்டில் விழுவார். ஆகவே மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாதவரை அதைக் காலையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். இன்சுலின் போட்டபின் “பசிக்கவில்லை” என்று தட்டை நகர்த்திவிடுபவரிடம் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவதற்குள் ஏதாவது ஊட்டியாக வேண்டும். இவை எதுவுமே பெரிய மருத்துவமல்ல. ஆனால் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு நூறு மாத்திரைகளைத் தாண்டக்கூடிய இந்த வேலையில், இரண்டு மருத்துவர்கள் வெவ்வேறு வணிகப் பெயரில் எழுதிய ஒரே மருந்தை இருமுறை கொடுத்துவிடும் பிழை எளிதாக நேரும். மருந்துப் பெட்டியை நிரப்புபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்ற ஏற்பாடு உள்ள இல்லத்தையே நான் நல்ல இல்லம் என்பேன்.

குளியல் காலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. கமோடு வைத்த சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டும்போது தோலைக் கவனிப்பது பணியாளரின் முக்கியமான கடமை. இடுப்பின் பின்புறம், குதிகால், முழங்கை ஆகிய இடங்களில் அழுத்தினாலும் மறையாத சிவப்பு தென்பட்டால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். அந்த நிலையில் பிடித்துவிட்டால் ஏர் பெட்டும் புரட்டிப் படுக்கவைத்தலும் போதுமானவையாக இருக்கலாம், விட்டுவிட்டால் எலும்புவரை குழிந்து மாதக்கணக்கில் ஆறாமல் நிற்கும். அறிமுகமில்லாத ஒருவர் முன் உடை களைய நேரும் கூச்சத்தை எண்பது வயது குறைத்துவிடுவதில்லை. பெண்களைப் பெண்களே குளிப்பாட்ட வேண்டும் என்ற விதியை எல்லா இல்லங்களும் வாயளவில் சொல்கின்றன. தூக்கி உட்காரவைக்க வலு போதாத நாளில் அது எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்பதைக் கேட்டறிவது நல்லது.

உணவைப் பொறுத்தவரை குடும்பத்தினர் சுவையைப் பற்றியும் சைவ, அசைவ ஏற்பாட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். ஏகாதசி, அமாவாசை விரதங்களைச் சர்க்கரை நோயுள்ளவர்கள் விடமாட்டேன் என்பதும் இல்லத்தில் அடிக்கடி எழும் வழக்கு. ஆனால் இவற்றினும் கவனிக்க வேண்டியது விழுங்குதல். பக்கவாதத்திற்குப் பிறகும் மறதிநோயின் பிற்பகுதியிலும் தொண்டைத் தசைகள் ஒழுங்காக இயங்காமல் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, நுரையீரல் தொற்றில் முடிகிறது. பலரும் நினைப்பதற்கு மாறாக, அத்தகையவருக்குச் சோற்றைவிடத் தண்ணீர் ஆபத்தானது, ஏனெனில் அது மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும் முன்பே ஓடிவிடுகிறது. கஞ்சியும் குழைந்த சாதமும் நம் சமையலில் ஏற்கெனவே இருப்பது ஒரு நல்வாய்ப்பு. ஆனால் நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு கரண்டி விழுங்கிய பிறகே அடுத்த கரண்டி கொடுத்து, முடிந்தபின் அரைமணி நேரம் படுக்கவிடாமல் இருப்பதற்கு ஒருவருக்கு நாற்பது நிமிடமாவது பிடிக்கும். அப்படி ஊட்ட வேண்டியவர்கள் நால்வர் இருந்து ஊட்டுபவர் ஒருவரே இருந்தால் என்ன நடக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்: நால்வரும் வேகமாக ஊட்டப்படுவார்கள், அல்லது விரைவிலேயே யாருக்காவது உணவு செலுத்த மூக்குவழிக் குழாய் போடப்படும்.

எந்தச் சேவையை எடுத்துக்கொண்டாலும் அது கடைசியில் எத்தனை கைகள் இருக்கின்றன என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. வாரத்திற்கு 168 மணி நேரம். பகல் பன்னிரண்டு மணி நேரம் மூவர், இரவு பன்னிரண்டு மணி நேரம் இருவர் என்று வைத்தால் வாரத்திற்கு 420 மணி நேர உழைப்பு தேவை. ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்வதாகக் கொண்டால் ஒன்பது பேர் வேண்டும், விடுப்பையும் சேர்த்தால் பத்துப் பேர். சமையல், துப்புரவு இதற்கு வெளியே. இதையே வேறுவிதமாகவும் செய்யலாம்: பகலில் இருவர், இரவில் ஒருவர், எல்லோரும் இல்லத்திலேயே தங்கி வாரத்தின் ஏழு நாளும் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால் மூவரே போதும். பத்துக்கும் மூன்றுக்கும் இடையிலான இந்தத் தூரத்தில்தான் ஓர் இல்லத்தின் கட்டணமும் தரமும் பெருமளவு தீர்மானமாகின்றன. அறையின் குளிர்சாதனமும் தோட்டத்து ஊஞ்சலும் அதற்கப்புறம்தான்.

இரவில் ஒருவர் மட்டும் இருக்கும் இல்லத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். படுத்த படுக்கையாக இருக்கும் மூவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்ட வேண்டுமென்றால், பத்து மணியிலிருந்து ஆறு மணிக்குள் பதினைந்து தடவை. டயபர் மாற்றி, விரிப்பைச் சரிசெய்து, தலையணையை முட்டுக்கொடுத்துப் புரட்டப் பத்து நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம். அவர் ஓர் அறையில் இதைச் செய்துகொண்டிருக்கும்போது, மற்ற அறையில் சற்று முன் தூக்க மாத்திரை விழுங்கிய பெரியவர் கழிவறைக்குப் போக எழுகிறார், படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்ததும் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால், தலையில் பட்ட சிறிய அடிகூட உள்ளே கசிவாக மாறலாம். விழுவதைத் தடுக்கும் எளிய வழியாகக் கட்டிலின் இருபக்கமும் தடுப்பை ஏற்றுவது, அதையும் மீறுபவரின் கையைத் துணியால் கட்டுவது ஆகியவை பற்றாக்குறையிலிருந்துதான் பிறக்கின்றன. கட்டுவது பாதுகாப்பு அல்ல என்பதைப் பணியாளர்களும் அறிவார்கள். தடுப்பின்மேல் ஏறி விழுபவர் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார்.

இல்லத்தைப் பார்க்கச் செல்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குச் செல்கிறார்கள். அப்போது எல்லோரும் குளித்து, விபூதியோ பவுடரோ பூசி, கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருப்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க அனுமதி கேட்பதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது. மறுக்கும் இல்லத்திற்கு நியாயமான காரணம் இருக்கலாம், ஆனால் இரவுப் பணிப் பதிவேட்டைக் காட்டவும் மறுத்தால் அதற்குக் காரணம் இருக்க முடியாது.

சிறிய இல்லத்தின் உண்மையான பலம், பணியாளர் அங்குள்ள முதியவர் ஒவ்வொருவரையும் ஆளாக அறிந்திருப்பது. முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் பல நேரம் காய்ச்சல் வராது. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று மகளைத் தங்கை என்கிறார், சாப்பிட மறுக்கிறார், இல்லாத பூனையை விரட்டுகிறார். மறதிநோய் முற்றிவிட்டது என்று புதியவர் முடிவுகட்டும் இடத்தில், ஆறு மாதமாக அவருக்குத் தலை வாரிவிடும் பெண் “அம்மா நேத்து இப்படி இல்லையே” என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியம் ஆய்வகத்திற்கு முந்திய பரிசோதனை. நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 இலட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. மாலை மயங்கியதும் பதற்றம் கூடி, “வீட்டுக்குப் போகணும், அப்பா தேடுவார்” என்று வாசற்கதவைத் தட்டுவது இந்நோயில் வழக்கம். அப்பா இறந்து நாற்பது ஆண்டாயிற்று என்று திருத்துபவர் அவருடைய துக்கத்தை ஒவ்வொரு மாலையும் புதிதாக்குகிறார். “அப்பா என்ன வேலை பார்த்தார்?” என்று கேட்டபடி கைபிடித்து முற்றத்தைச் சுற்றிவந்தால் அரைமணியில் அந்தப் பதற்றம் அடங்கும். ஆனால் இதற்கும் தேவைப்படுவது அந்த அரைமணியும், விடாமல் அங்கேயே வேலை செய்யும் ஓர் ஆளும்தான்.

அப்படி விடாமல் இருப்பவர்கள் குறைவு. இந்த இல்லங்களின் பராமரிப்பாளர்களில் உள்ளூர்ப் பெண்களுடன் ஒடிசா, ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்து முகவர் வழியாக வந்தவர்களும் இருக்கிறார்கள். மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற ஆங்கிலமும் இந்தியும் முதலில் நழுவி, தாய்மொழி எஞ்சி நிற்பதுண்டு. அந்த நேரத்தில் அருகிலிருப்பவர் “வலிக்குதா”, “தண்ணி வேணுமா”, “பாத்ரூம்” என்ற மூன்று சொற்களை மட்டும் அறிந்தவராக இருக்கக்கூடும். இதில் அந்தப் பெண்ணின் குறை ஒன்றுமில்லை. அவர் நம் மொழியைக் கற்க முயல்கிறார், அவருக்குக் கற்பிக்க யாருக்கும் நேரமில்லை. இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் அடுத்த இல்லத்திற்குச் செல்வதும் அவருடைய உரிமையே. ஆனால் ஒவ்வொருவர் செல்லும்போதும், யாருக்கு எந்தப் பக்கம் காது கேட்கும், யார் பல்செட்டைத் தலையணைக்கடியில் வைப்பார் என்ற அறிவு முழுவதும் அவருடன் போய்விடுகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை விரிவாகச் சொல்ல அதிகமில்லை: ஏறக்குறைய முழுவதும் குடும்பத்தின் கையிலிருந்து. 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும், மத்திய அரசின் ‘ஆயுஷ்மான் பாரத்’ திட்ட விரிவாக்கம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது, ஆனால் அது மருத்துவமனைச் சேர்க்கைக்கானது. இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சைக்கு வழியிருக்கும், அதன்பின் நடக்கவைக்கும் ஆறு மாதத்திற்கு இருக்காது. பிள்ளைகளிடமிருந்து பெற்றோர் பெறக்கூடிய பராமரிப்புத் தொகைக்கு, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்களின் பராமரிப்புக்கும் நலனுக்குமான 2007ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். நகரத்துத் தனியார் இல்லமொன்றின் கட்டணத்திற்கு அது போதாது. விளம்பரத்தில் சொல்லப்படும் தொகைக்கு வெளியே டயபர், மருந்து, பிசியோதெரபி, மருத்துவமனைக்குத் துணை செல்பவரின் படி என்று தனிப்பட்டியல் வரும். சேர்க்கையின்போது கட்டும் முன்பணம், ஒருவர் மூன்றாம் வாரமே இறந்துவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்வது பின்னால் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

அதே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, மாவட்டத்திற்கு ஒன்றாவது என்ற கணக்கில் வறிய முதியவர் 150 பேர் தங்கக்கூடிய இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. சட்டத்தின் கற்பனையில் இருந்தது பெரிய இல்லம், வறிய முதியவர். பன்னிரண்டு பேர் கட்டணம் செலுத்தித் தங்கும் வீட்டை அது எண்ணிப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் சமூக நலத்துறையிடம் பதிவுபெற வேண்டும், மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வேறு சட்டம் உண்டு. மூக்குவழிக் குழாயும் சிறுநீர் சேரும் பையும் பொருத்தப்பட்டவரை வைத்துப் பராமரிக்கும் இல்லம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. பராமரிப்பு இல்லங்களுக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர்களுக்கும் பதிவும் குறைந்தபட்சத் தரமும் விதிக்க, இந்த 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்டது. அந்த மக்களவையின் காலம் முடியும்வரை அது சட்டமாகவில்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரி அறையின் பரப்பையும் தீயணைப்புக் கருவியையும் அளந்து செல்லலாம். நள்ளிரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பதை அளக்கப் பகலில் வருபவரால் இயலாது.

இங்கே வருபவர்களில் கணிசமானோர் இங்கிருந்து வீடு திரும்புவதில்லை. கடைசி நாட்களில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமா, இருந்த இடத்திலேயே வலியைக் குறைத்து வைத்திருக்க வேண்டுமா என்பதை அந்த இரவில் முடிவுசெய்ய முடியாது. செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் நடைமுறையை எளிதாக்கி, நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றது. ஆயினும் சேர்க்கையின்போது இதைப் பற்றிப் பேசத் துணியும் நடத்துநர் அரிது, கேட்கத் துணியும் பிள்ளைகள் அதனினும் அரிது. இறப்புக்கான காரணத்தைச் சான்றளிக்க, அதுவரை பார்த்துவந்த மருத்துவர் ஒருவர் இருந்தாக வேண்டும். மாதம் ஒருமுறையாவது மருத்துவர் வந்து பார்த்துக் குறிப்பெழுதும் இல்லத்தில் விடியற்காலை இறப்பு பிரச்சினையாவதில்லை. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் அறிமுகமற்ற மருத்துவர் கையெழுத்திட மறுக்க, விமானத்தில் வந்துகொண்டிருக்கும் மகனுக்காக ஃப்ரீசர் பாக்ஸில் காத்திருக்கும் உடலுடன் சான்றிதழுக்காகவும் காத்திருக்க நேர்கிறது.

உடல் எடுத்துச் செல்லப்பட்டபின் மெத்தையை வெயிலில் போட்டு, கட்டிலைக் கழுவி, பையில் துணிகளை மடித்து வைக்கிறார்கள். அதே அறையில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் என்ன சொல்வது என்பதற்கு எழுதிவைத்த நடைமுறை பெரும்பாலும் கிடையாது. “மகன் வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்” என்று சொல்லும் இல்லங்கள் உண்டு. சில இல்லங்களில் சக்கர நாற்காலியில் அழைத்துவந்து, முகத்தைப் பார்க்கவைத்து, ஒரு பூவைப் போடச் சொல்கிறார்கள். இரண்டாவதே சரி என்பது என் எண்ணம். இரவு முழுவதும் அந்த மூச்சு ஏறி இறங்கியதையும் பிறகு நின்றதையும், பணியாளர் வேறு அறையில் யாரையோ புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் விழித்திருந்து கேட்டவர் அவர்தான்.